காலையில் விரியும் பூ

மாசி வெயில் ஏறிவிட்டது. தர்பூசணிக் கொடிகள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தும் ஒரு தேனீயைக்கூடக் காணோம். மூன்று நாளாக இப்படித்தான். பிஞ்சுகள் சுண்டைக்காய் அளவிலேயே வெம்பி உதிர்ந்துகொண்டிருந்தன.

வேலியில் கல்யாண முருங்கை சிவந்து கிடந்தது. தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கியபடி வளைந்த மூக்கை விட்டு உறிஞ்சியது. கிணற்றோரப் புடலைப் பந்தலுக்கும் குறைவில்லை. பொழுது சாய்ந்து அதன் வெள்ளைப் பூ நூல்நூலாகப் பிரிந்ததும் அந்துப்பூச்சிகள் வந்துவிடும். ஆனால் சிட்டு ஒருநாளும் தரையிறங்கி இந்த மஞ்சள் பூவைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்துப்பூச்சி வருவதற்குள் இது மூடிக்கொள்ளும். காலையில் விரிந்து மத்தியானம் மூடும் பூவுக்குத் தேனீயை விட்டால் நாதியில்லை. பச்சையம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா சீதனமாகக் கொடுத்த இந்த ஒரு ஏக்கரின் வரப்பில் உட்கார்ந்து, கஞ்சி குடித்துக்கொண்டே சின்ன வயதிலிருந்து பார்த்தது. கல்யாணமான புதிதில் புருஷன் அருணகிரியை இதே வரப்பில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். "நீ இன்னாமே, டீச்சரா?" என்று சிரித்தான். அன்றைக்கு அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து நிலம் துளசிராமனுடையது. மொச்சை பூத்திருந்தது. பச்சையம்மா வரப்பைத் தாண்டியதுமே பூச்சிமருந்து நெடி அடித்தது. செடிகளுக்கடியில் தேனீக்கள் கால்களை மடக்கிச் செத்துக் கிடந்தன. ஒன்றிரண்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தன.

"இன்னாண்ணே இது? பொழுது சாஞ்சப்புறம்தான் மருந்து அடிப்பேன்னு வாக்கு குடுத்த ஆளு நீ. ரெண்டு வருசமா அப்பிடித்தானே அடிச்ச?"

துளசிராமன் மடையைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

"உங்க ஊட்டுக்காரருதான் தங்கச்சி, பூ விரிஞ்சிருக்கும்போதே அடின்னாரு. மருந்தடிக்கிற மிசினுகூட அவரே வாங்கியாந்து குடுத்தாரு."

"எதுக்குன்னு கேக்கலியா?"

"கம்பெனிக்கு நெலம் கேட்டாங்களே, நீ மாட்டேன்னுட்ட. இந்தத் தபா வெளச்சல் போச்சின்னா தானா கையெழுத்து போட்டுடுவான்னாரு." அவர் மண்வெட்டிப் பிடியைத் தடவினார். "என் நெலம் சேந்தாப்பல கீது. ரெண்டும் சேத்துதான் எடுப்பாங்களாம்."

அவள் தன் நிலத்தைத் திரும்பிப் பார்த்தாள். நிலத்தை விற்க மாட்டேன் என்று அவள் சொன்னபோது அருணகிரி சண்டை போடவில்லை. "உன் இஷ்டம்மே" என்றான். இந்த மூன்று நாளும் காலையில் கூடவே வந்தான். உதிர்ந்த பிஞ்சைக் கையிலெடுத்து உச்சுக்கொட்டினான். "மண்ணு செத்துப்போச்சு, நீ இன்னா பண்ணுவ" என்று அவள் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தான். அந்த இடம் இப்போது எரிந்தது.

வீட்டில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"துளசிண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

பிசைந்த கை நின்றது. "எத்தினி நாளைக்குமே மண்ணுல பொரள்றது? கம்பெனில வேல தர்றேன்றாங்க. மாசமானா சம்பளம்."

"அத என்னாண்ட சண்ட போட்டுக் கேட்டிருக்கலாம்யா. நான் ஆசையா காட்டினத வச்சே என்ன அறுத்துட்டியே."

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் விடியும்போதே அவள் தனியாக நிலத்துக்குப் போனாள். ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, காம்பைப் பிடித்துப் பெண்பூவின் நடுவில் தடவினாள். பெண்பூவை அடையாளம் காண்பது சுலபம். அடியில் பிஞ்சு இருக்கும். ஒரு தேனீ கால்நொடியில் செய்வதற்கு அவளுக்குக் குனிந்து நிமிர வேண்டியிருந்தது. பூக்கள் மூடும்வரை செய்தாள். ஐந்தாம் நாள் எண்ணினாள். அத்தனை கொடிகளிலும் பதினோரு பிஞ்சுகள் மட்டும் உதிராமல் பிடித்து, பருத்துத் தலைகவிழ்ந்திருந்தன.

ஆறாம் நாள் அருணகிரி வரப்பில் வந்து நின்றான்.

"நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரச் சொல்றாங்கமே."

அவள் நிமிரவில்லை. அடுத்த கொடிக்கு நகர்ந்தாள். அவன் செருப்பை வரப்பில் விட்டுவிட்டு இறங்கினான். கொடிகளை மிதிக்காமல் கால்களை அகட்டி வைத்து நடந்து, குனிந்து ஒரு பூவைக் கிள்ளி, அவள் செய்வதைப்போலவே இதழ்களை ஒவ்வொன்றாக உரித்து அவளிடம் நீட்டினான்.

"இந்தா, இதத் தடவு."

அவள் பார்த்தாள். அவன் விரல்களுக்கிடையில், பூவின் அடியில், பூனைமயிர் படர்ந்த சின்னப் பிஞ்சு பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது.