கரும்பலகையில் மாமனார்

சாக்பீஸ் சார் தன் மாமனாரைக் கரும்பலகையில் எழுதி வைத்து வசமாக மாட்டிக்கொண்டார்.

துணிக்கடை மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு. அன்றைய பாடம் ‘புட் அப் வித்’. “பிடிக்காத ஒண்ணைப் பொறுத்துக்கிட்டுக் காலம் தள்றது” என்று விளக்கினார். வேலை முடிந்து வந்த களைப்பில் வகுப்பே கொட்டாவி விட்டது. உதாரணத்தை வீட்டிலிருந்து எடுத்தால்தான் மண்டையில் ஏறும் என்பது சாரின் கொள்கை. ‘ஐ புட் அப் வித் மை ஃபாதர்-இன்-லா’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

“காலையில ரேடியோ, மத்தியானம் இருமல், சாயங்காலம் புத்திமதி. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்ல, அதுதான் புட் அப் வித்!”

வகுப்பு குலுங்கியது. பிறகு பின்வரிசையிலிருந்து சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. முன்வரிசைத் தையல்காரர் கண்ணால் வாசலைக் காட்டினார். அங்கே மாமனார், காற்று மழையில் சொட்டச் சொட்ட நனைந்து, கையில் மருமகன் மறந்துவிட்டுப் போன குடையோடு.

“மழை பிடிச்சுக்கிச்சு மாப்பிள்ளை” என்று குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிறங்கினார்.

சார் அந்தக் குடையை விரிக்காமலே நனைந்து வீடு போனார். விரிக்க எந்த முகம் இருக்கிறது? வீட்டில் ரேடியோ ஊமையாகக் கிடந்தது. மாமனார் துண்டால் வாயைப் பொத்தி இருமினார். கட்டிலுக்கடியில் இருந்த அவருடைய பை இப்போது கதவோரம் இருந்தது.

“அப்பா திடீர்னு அண்ணன் வீட்டுக்குப் போறேங்கறாரு. என்ன பண்ணித் தொலைச்சீங்க?” என்றாள் மனைவி.

சார் மாமனார் அருகில் போய் உட்கார்ந்தார்.

“கோபமா மாமா?”

“தலையைத் துவட்டுங்க, சளி பிடிக்கும்.”

“சும்மா சிரிப்புக்குச் சொன்னேன் மாமா.”

“மழை விட்டிருச்சா?”

“இல்ல மாமா. சிரிப்புக்கு மட்டும் சொல்லல. ரேடியோ சத்தம் எனக்கு நெசமாவே ஆகாது. உங்ககிட்டச் சொல்லத் தைரியமில்லாம ஊருகிட்டச் சொல்லிட்டேன். நீங்க போயிட்டா இந்த வீட்டுல என்னால நிமிர்ந்து நடக்க முடியாது. போறீங்களா, இருக்கீங்களா?”

மாமனார் வாயிலிருந்து துண்டை எடுத்தார்.

“இருக்கேன். ஆனா ரொம்ப வலிச்சுது மாப்பிள்ளை. என்கிட்டச் சொல்லியிருந்தா சத்தத்தைக் குறைச்சிருப்பேன். நாளைக்கு முதல் வேலையா அந்தப் பலகையை அழிங்க.”