திரையின் வலது மூலை

என் மனைவி ரூபிகா ஏழு வயதில் செய்த குழப்படி ஒன்று, ஒரு கண்ணாடித் திரையின் வலது மேல் மூலையில் பதிந்திருந்தது.

அவளுடைய அப்பா நவரத்தினம் மாமா அப்போது கொட்டாஞ்சேனையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை அவள் ஒரு மெஷினின் திரையில் ஒட்டிப் பார்த்தாள். எடுத்த பிறகும் நிறம் திரும்பவில்லை. விளையாட்டில் வரும் நீல வானம் அந்த மூலையில் மட்டும் ஊதாவும் பச்சையுமாக நின்றது.

மாமா ஏசினார். ஆனால் வியாபாரம் கூடியது. வெள்ளை விமானத்தை அந்த மூலைக்குள் கொண்டுபோனால் அது நிறம் மாறும். பொடியன்கள் அதைப் பார்க்கவே வரிசையில் நின்றார்களாம். ரூபிகா இதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். தான் கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான் என்பாள்.

போன மழைக்கு அவள் டெங்கு வந்து இறந்துபோனாள். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். சாப்பிட்டேன். பழைய கேம் மெஷின்களையும் மொனிட்டர்களையும் தேடிப் பிடித்துத் திருத்துவது எனக்கும் ஷாமிலுக்கும் கம்பஸில் ஒன்றாகப் படித்த காலத்துப் பழக்கம். அதை நான் விட்டுவிட்டேன். ஷாமில் விடவில்லை. என்னிடம் வருவதையும் விடவில்லை.

இந்த வருடம் மாமா கொட்டாஞ்சேனை வீட்டை விற்றார். ஸ்டோர் ரூமில் அந்த மெஷின் கிடந்தது. கொண்டுபோகச் சொன்னார். ஒன்று மட்டும் கேட்டார்.

"கறையை அழிச்சுப் போடாதேங்கோ, தம்பி. எனக்கு அதை ஒருக்காப் பார்க்க வேணும்."

எனக்கும் வேண்டும். அவளுடைய படங்கள் போனில் நிறைய இருந்தன. நான் அவற்றைத் திறப்பதில்லை. இது வேறு. அவள் கை பட்ட இடம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதுபோல.

பழைய கலர் டிவியைப் போட்டதும் 'தும்' என்று ஒரு சத்தம் கேட்கும். திரையில் ஏறியிருக்கும் காந்தத்தை டிவி தானாகவே அழிக்கும் சத்தம் அது. இந்த மெஷினில் அதைச் செய்யும் சின்னப் பாகம் எப்போதோ எரிந்துபோயிருந்தது. கறை தப்பியது அதனால்தான். ஆனால் எங்களைப் போன்றவர்கள் மொனிட்டரைத் திறந்தால் அந்தப் பாகத்தை யோசிக்காமலே மாற்றுவோம். அல்லது காந்தம் எடுக்கும் வளையத்தைத் திரைக்கு முன்னால் ஒருமுறை சுழற்றுவோம். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல, கை தானாகச் செய்யும்.

ஷாமில் தன் வளையத்தைப் பாமன்கடை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். தன் கையில் தனக்கே நம்பிக்கை இல்லை என்றான்.

வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டின் ஹோலில் மெஷினை வைத்து வேலை செய்தோம். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினோம். தூசி கரிபோல வந்தது. டியூபில் கீறல் இல்லை. எரிந்த பாகத்தைச் சுற்றி ஷாமில் சிவப்பு டேப் ஒட்டி வைத்தான், மறந்தும் தொடாமலிருக்க.

ஞாயிறு பின்னேரம் மாமாவை வரச் சொன்னோம். சுவிட்சைப் போட்டேன். டியூபின் கழுத்தில் சின்னதாக ஒரு செம்மஞ்சள் வெளிச்சம். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்த என் கையில் மயிர் எழுந்து நின்றது. பிறகு வானம் வந்தது. இந்தக் காலத்துத் திரை எதிலும் நான் அப்படி ஒரு நீலத்தைப் பார்த்ததில்லை.

வலது மேல் மூலையும் நீலமாகவே இருந்தது. கறை இல்லை.

அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டோம். இல்லை.

"நீ மாத்தினியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அல்லாட மேல சத்தியமா இல்ல மச்சான். எரிஞ்சது எரிஞ்சபடியே ஈக்குது. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். சிவப்பு டேப் அப்படியே இருந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. ஒரு வருடமாக எனக்கு எதற்கும் கோபம் வந்ததில்லை.

"விடுங்கோ, தம்பி," என்றார் மாமா. "காந்தமும் களைச்சுப் போகும்தானே."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். திரையைப் பார்க்காமல் பேச்சை மாற்றினார். இங்கே வெயில் தொல்லை இல்லை, நல்லது என்றார். கடையில் பின்னேரமானால் வெயில் நேராக இந்தக் கண்ணாடியில் அடிக்குமாம்.

ஷாமில் திரும்பினான். "நேரா கண்ணாடியிலயா அங்கிள்?"

"பின்ன? கடை வாசல் கடலைப் பார்த்ததெல்லோ. சாக்குக் கட்டாட்டி ஒருத்தரும் விளையாடேலாது."

ஷாமில் ஜன்னலைப் பார்த்தான். கடையில் மேற்கைப் பார்த்திருந்த மெஷின் இங்கே தெற்கைப் பார்த்து நின்றது. அவன் திரைக்கு முன்னால் குந்தினான். கீழ் மூலையில் வானம் லேசாக மங்கியிருப்பதைக் காட்டினான். நான் மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை.

பூமியும் காந்தம்தானே என்றான். டியூபுக்குள் படம் வரையும் எலெக்ட்ரோன் கற்றையைப் பூமியும் இழுக்கிறது. மெஷின் பார்க்கும் திசை மாறினால் இழுப்பும் மாறும். கீழ் மூலை மங்கியதும் அதனால்தான். ரூபிகாவின் காந்தம் ஒரு பக்கம் தள்ள, இங்கே பூமி மறுபக்கம் தள்ளுகிறது. இரண்டும் சரிக்குச் சரி.

இதெல்லாம் நான் படித்ததுதான். சோதனையில் எழுதியும் இருக்கிறேன்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்பினோம். மெஷினுக்குக் கீழே ஒரு படுக்கை விரிப்பை நுழைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மெதுவாக. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூலையில் நீலம் கொஞ்சம் புகைந்தது. இன்னும் தள்ளினோம். புகை ஊதாவானது. ஊதாவின் விளிம்பில் பச்சை கசிந்தது. தண்ணீரில் மை இறங்குவதுபோல அது பெருகி, மெஷின் மேற்கைப் பார்த்ததும் நின்றது. சின்ன உள்ளங்கையில் அடங்கக்கூடிய வட்டம்.

மாமா எழுந்து நின்றிருந்தார்.

நான் ஜொய்ஸ்டிக்கைப் பிடித்து வெள்ளை விமானத்தை மூலைக்குள் கொண்டுபோனேன். மூக்கு ஊதாவானது, பிறகு இறக்கைகள். வால் பச்சையானது. வெளியே வந்ததும் மறுபடி வெள்ளை. இன்னொருமுறை கொண்டுபோனேன். அவள் ஒரு நிமிடம் அமர்த்திப் பிடித்த காந்தம் இத்தனை வருடம் அங்கேயே நின்றிருக்கிறது. அதை மறைப்பதற்குப் பூமி முழுவதும் தேவைப்பட்டிருக்கிறது. தரையில் கால் ஊன்றி நிற்பதே எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது.

மாமாவும் விளையாடினார். கடை நடத்திய காலத்தில் ஒருநாளும் விளையாடாதவர். மூலைக்குப் போகும் முன்பே விமானத்தை மலையில் மோதினார்.

"அங்கிள், லைசன்ஸ் எடுத்துட்டு வாங்க," என்றான் ஷாமில்.

மாமா சிரித்தபடி கண்ணைத் துடைத்தார். அடுத்த ஆட்டத்தில் விமானத்தை மூலைக்குள் கொண்டுபோய்விட்டார்.

மெஷின் ஹோலின் நடுவில், குசினிக்குப் போகும் வழியை மறித்து நின்றது. மேற்கைப் பார்க்க வைப்பதற்கு என் ஃபிளாட்டில் ஒரு சுவர்தான் உண்டு. அது படுக்கை அறையில். அந்தச் சுவரோடு ரூபிகாவின் அலுமாரி நின்றது. அவள் போன பிறகு நான் அதைத் திறக்கவில்லை.

ஷாமிலுக்கு அது தெரியும். இங்கேயே இருக்கட்டும், சரிந்து நடந்து பழகலாம் என்றான்.

நான் அறைக்குள் போய் அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

"மற்றப் பக்கம் பிடி," என்றேன்.

தூக்கினோம். உள்ளே ஹேங்கர்கள் ஒன்றோடொன்று தட்டுப்பட்டன. மாமா வந்து அறைக் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.