அம்மாவின் வெறுங்கால்கள்

இறந்த அம்மாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டு, அதன் நூலைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள் லியோனிலா. நூலை அறுக்காமல் புதைத்தால் அந்த வீட்டில் சாவு நிற்காது. பாதி வெட்டியபோது கூடத்து ஜன்னலில் கல் வந்து விழுந்து கண்ணாடி நொறுங்கியது. அரண்மனை வாசலில் காலையிலிருந்து கூடிய கூட்டம் இப்போது இரும்புக் கதவை உலுக்கத் தொடங்கியிருந்தது. அவள் தலை நிமிரவில்லை. மீதி நூலையும் வெட்டி முடித்தாள்.

"இன்னுமா முடியல அக்கா? ஹெலிகாப்டர் வந்து நிக்குது."

அவள் தம்பி அர்த்தேமியோ வாசற்படியில் நின்றிருந்தான். இரவு உடைக்கு மேல் குண்டு துளைக்காத சட்டை. நாட்டை இத்தனை வருஷம் ஆண்டவன், பெற்றவள் படுத்திருந்த அறைக்குள் கால் வைக்காமல் வறுத்த கோழித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுது. நம்ம ஊருக்கு, சான் எலியாஸுக்கு எப்பக் கெளம்பறோம்? அப்பா பக்கத்துல குழி வெட்டச் சொல்லியாச்சா?"

"எந்த சான் எலியாஸ்? விமானி வடக்கே போகவே மாட்டேங்கறான். வெள்ளைக்காரன் ராணுவத் தளத்துக்குத்தான் போறோம். அங்கேருந்து அவங்க தீவுக்கு."

"அப்ப அம்மா?"

"கோயில்ல வச்சுட்டுப் போவோம். சாமியார் பாத்துக்குவாரு."

"சாமியார் விடிஞ்சதுமே ஓடிட்டாரு. உனக்கு முந்தி."

அவன் எலும்பை எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தான். பிறகு பூச்சாடிக்குள் போட்டான்.

"சரி, நீ போ மியோ," என்றாள் லியோனிலா. "நான் இங்கயே இருக்கேன். உள்ள வர்றவங்க எங்க ரெண்டு பேரையும் சேத்தே கொளுத்தட்டும். பெத்தவளைப் போட்டுட்டு ஓடினாங்கற பேரு நம்ம குடும்பத்துக்கு வேணாம்."

அவனுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி பெலிசா வேகமாக உள்ளே வந்தாள். கண்களில் மை கரைந்திருந்தது.

"என்ன பேச்சுங்க இது? அத்தையை விட்டுட்டுப் போறதா? அவங்க நம்மகூடத்தான் வருவாங்க. எடை ஜாஸ்தின்னா என் துணிப்பெட்டி ரெண்டை எறக்கச் சொல்லுங்க."

லியோனிலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா கையால் அள்ளிச் சாப்பிடுகிறாள் என்று விருந்து நாட்களில் அவளுக்குப் பின்கட்டில் தட்டு வைத்தவள் இந்தப் பெலிசா. தலைநகரத்துப் பணக்கார வீட்டுப் பெண். இன்று அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை. எத்தனை ஆனாலும் நம் வீட்டில் வாழ்ந்தவள்தானே என்று லியோனிலாவின் நெஞ்சு ஒரு நொடி இளகியது.

"நீங்க போய் உங்க துணிமணியை எடுத்துக்குங்க அக்கா. பெட்டியை மூடறதை நான் பாத்துக்கறேன்."

போவதற்கு முன் லியோனிலா அம்மாவின் பாதங்களை ஒருமுறை தடவிப் பார்த்தாள். குதிகால் முழுக்க வயற்சேற்றில் வெடித்த பிளவுகள். மகன் அதிபரான பிறகும் அவை மூடவில்லை. வடக்கே பிணத்துக்குக் காலணி போடுவதில்லை. போட்டால் செத்தவர் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார், காலடிச் சத்தம் ஓயாது என்பார்கள். பாதங்களை வெறுமையாகவே விட்டு, அவற்றின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்தினாள்.

அவள் திரும்பி வந்தபோது சவப்பெட்டி திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது.

"கடைசியா ஒரு முத்தம் குடுத்திருப்பேனே!"

"நேரமில்லக்கா," என்றாள் பெலிசா.

தளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து மாறி ஏறிய ராணுவச் சரக்கு விமானத்தில் இருக்கைகள் இல்லை. வலைகளில் சாய்ந்துதான் உட்கார வேண்டியிருந்தது. பெலிசாவின் மருமகள் ஒருத்தி முத்துத் தைத்த கைப்பைக்குள் வாந்தி எடுத்தாள். நோயாளியான அர்த்தேமியோவின் இடுப்பில் குழாயோடு தொங்கிய சிறுநீர்ப் பை நிரம்பி, தாதி அதை மாற்றும்போது தரையில் சிந்தியது. அந்த ஈரத்தை யாரும் துடைக்கவில்லை, கால்களை மட்டும் மடக்கிக்கொண்டார்கள். எந்த ஓவியத்தை யார் எடுத்து வர மறந்தது என்று ஒரு சண்டை. வெள்ளிக் கரண்டிகளைச் சமையல்காரன் அமுக்கிவிட்டான் என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே அர்த்தேமியோ யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே வந்தான்.

"ஜனங்களுக்கு என்மேல பாசம். யாரோ தூண்டிவிட்டுட்டாங்க."

அவன் மகன் நந்தோ சவப்பெட்டி மேல் சீட்டு பரப்பினான்.

"எடுடா கையை!" என்றாள் லியோனிலா.

"சும்மா இருங்க அத்தை. பாட்டிக்குச் சீட்டுன்னா உசுரு. உள்ளேருந்தே எட்டிப் பாத்துட்டுத்தான் இருக்கும்."

சிரிப்பு எழுந்தது. லியோனிலா சீட்டுகளை ஒரே வீச்சில் தரையிலிருந்த ஈரத்தில் தள்ளினாள். பெலிசா மட்டும் சிரிக்கவில்லை. ஏறியதிலிருந்து அவள் பெட்டியை விட்டு நகரவே இல்லை. விமானம் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கைகளாலும் அதை அணைத்துக்கொண்டாள். இத்தனை பேரில் ஒருத்திக்காவது அம்மா நினைவு இருக்கிறதே என்று லியோனிலா தன் சால்வையில் பாதியை அவள் தோளில் போட்டாள்.

தீவில் இறங்கியபோது நல்ல வெயில். ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் சுங்க அதிகாரிகள் பெட்டிகளை வரிசையாக வைத்துத் திறந்துகொண்டிருந்தார்கள். அர்த்தேமியோ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனான்.

"என் பெட்டியில கை வைக்கறதா? நான் ஒரு நாட்டோட அதிபர்."

"இருந்தீங்க ஐயா," என்றான் மூத்த அதிகாரி. சொன்னது அவர்கள் மொழியிலேயே, வடக்கத்தி உச்சரிப்பில்.

லியோனிலா திரும்பிப் பார்த்தாள். நடுத்தர வயது, வெயிலில் கறுத்த முகம். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் வந்து, அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"எம் பேரு ஓர்லினோ, பெரியம்மா. எங்கப்பா சான் எலியாஸ் பக்கம். கரும்பு வெட்ட இங்க வந்தவரு." அம்மாவின் பெட்டியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இதையும் திறக்கச் சொல்லி உத்தரவு. எனக்கு மனசு வரல. மூத்தவங்க நீங்க. உடம்பைத் தவிர உள்ள ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன்."

"சொல்லுங்கக்கா," என்றாள் பெலிசா அவசரமாக.

சொல்லியிருக்கலாம். அவள் அறிந்தவரை அது உண்மைதான். ஆனால் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதே அவளுக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. ஊரில் யார் என்ன பேசினாலும், எங்கள் குடும்பம் அப்படிப்பட்டதில்லை என்று நிமிர்ந்து சொல்லிப் பழகியவள் அவள்.

"வார்த்தை எதுக்கு? திற. எங்கம்மாவை என் கையால குளிப்பாட்டிப் படுக்க வச்சிருக்கேன். பாத்துட்டு, சந்தேகப்பட்டதுக்கு நீயும் உன் உத்தரவும் தலையைக் குனிங்க."

"ஐயோ, வேணாம்!" பெலிசா பெட்டி மேல் விழுந்தாள். "செத்தவங்களை எழுப்பறதா? பாவம் சுத்திக்கும்!"

இரண்டு பெண் காவலர்கள் அவளை விலக்கினார்கள். நந்தோ கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு அங்கிருந்து நழுவினான்.

மூடி திறந்தது. வெக்கையில் அம்மாவின் முகம் லேசாக உப்பியிருந்தது. ஓர்லினோ சிலுவை போட்டுக்கொண்டான். எதையும் தொடாமல் பார்த்தான். "மன்னிச்சிருங்க பெரியம்மா," என்று சொல்லிவிட்டு மூடச் சொல்லிக் கையைக் காட்டினான்.

அப்போதுதான் லியோனிலா பார்த்தாள். கால்மாட்டில் வெள்ளைத் துணி கூடாரம்போல் தூக்கிக்கொண்டிருந்தது.

தனக்கு மட்டும் தெரியும் அளவுக்குத் துணியின் முனையைத் தூக்கினாள். கறுப்புத் தோல் காலணிகள். ஆண்பிள்ளைக் காலணிகள். பதவியேற்பு நாளன்று அர்த்தேமியோ போட்டுக்கொண்டு நின்றவை. அன்று அம்மா குனிந்து தன் பாவாடை ஓரத்தால் அவற்றில் ஒட்டிய தூசியைத் துடைத்துவிட்டிருந்தாள்.

பெலிசா நகரத்துக்காரி. பிணத்துக்குக் காலணி இருந்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது என்று நினைத்திருக்கிறாள். இங்கே யாருக்கும் தெரியவும் இல்லைதான்.

அர்த்தேமியோ அவள் காதருகே குனிந்தான். கோழிக்கறி வாடை அடித்தது.

"மூடுக்கா. நாளைக்கு நமக்குச் சோறு இதுலதான் இருக்கு."

துணியை விட்டுவிட்டால் போதும். மூடி திரும்ப முடுக்கப்படும். குடும்ப மானம் அப்படியே இருக்கும். அம்மா மட்டும் அந்தக் காலணிகளோடு போவாள்.

"பொறு," என்றாள் லியோனிலா ஓர்லினோவிடம்.

துணியை முழங்கால்வரை விலக்கினாள். கால்கள் விறைத்திருந்ததால் காலணிகள் எளிதில் வரவில்லை. முதல் காலணியை அசைத்து அசைத்து உருவியபோது, அடியில் திணித்திருந்த பஞ்சோடு ரத்தினக் கற்கள் பொலபொலவென்று சிமென்ட் தரையில் கொட்டின. வெள்ளையும் பச்சையுமாக உருண்டு ஓடின. விரலிடுக்கில் ஒன்று சிக்கியிருந்தது. இன்னொன்று உள்ளங்காலில் அழுந்திக் குழி செய்திருந்தது. அதை நகத்தால் எடுத்தாள். இரண்டாவது காலணியையும் கழற்றினாள்.

"இது யாரோடது?" என்று கேட்டான் ஓர்லினோ.

பெலிசா கூரையைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு அர்த்தேமியோதான் பேசினான். வானொலியில் பேசும் அதே நிதானமான குரல்.

"அம்மாவோடதாத்தான் இருக்கும். வயசான காலத்துல இப்படி எதையாவது ஒளிச்சு வைக்கற பழக்கம் அவங்களுக்கு வந்துடுச்சு. நாங்க என்ன செய்யறது?"

ஓர்லினோ லியோனிலா பக்கம் திரும்பினான்.

"பெரியம்மா, அம்மாவோடதுன்னு எழுதிக்கவா?"

லியோனிலா முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு ஒரே ஒரு ஜோடித் தோடு இருந்துது. அதையும் இவன் வக்கீலுக்குப் படிக்கறதுக்கு வித்தா. இது இவனோட காலணி. உள்ள வச்சது இவன் பொண்டாட்டி. இவனுக்கும் தெரியும். எழுதிக்க. லியோனிலா சொன்னான்னு என் பேரையும் போடு."

"கிழட்டு நாயே!" என்று கத்தினாள் பெலிசா. "இத்தனை வருஷம் யார் வீட்டுச் சோத்தைத் தின்னே? பெரிய மானக்காரி! உன் குடும்பத்தை நீயே சந்தியில நிறுத்திட்டியேடி!"

லியோனிலா தன் தோளிலிருந்த சால்வையை எடுத்தாள். அதன் ஒரு முனையால் அம்மாவின் பாதங்களை விரல் விரலாகத் துடைத்தாள்.

ஓர்லினோவின் ஆட்கள் கற்களைப் பொறுக்கி, பறிமுதல் செய்ததாக எழுதிக்கொண்டு குடும்பத்தைப் போகவிட்டார்கள். வெளியே இரண்டு பெரிய கார்கள் வந்து நின்றன. யாரோ ஒரு பழைய நண்பர் கடற்கரை மாளிகை ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார். பிள்ளைகளும் மருமகள்களும் ஏறினார்கள். பெட்டியை அங்கே கொண்டுபோவது பற்றி யாரும் பேசவில்லை.

"கரும்புக்காரங்க கல்லறைத் தோட்டம் ஒண்ணு இருக்கு பெரியம்மா," என்றான் ஓர்லினோ. "முழுக்க நம்ம ஊர் ஆளுங்கதான். கேட்டா எடம் குடுப்பாங்க. அதுவரைக்கும் அம்மா இங்கேயே இருக்கட்டும்."

"சரி. எனக்கு ஒரு நாற்காலி மட்டும் குடு."

அவன் மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் தலைமாட்டில் போட்டான். அவள் அம்மாவைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா," என்று வாசலிலிருந்து அர்த்தேமியோ கூப்பிட்டான். "கார் நிக்குது. வா."

அவள் அசையவில்லை.

"அப்ப நான் கெளம்பறேன்க்கா."

சான் எலியாஸில் இழவு வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிற விருந்தாளியை வீட்டுக்காரர்கள் எழுந்து வழியனுப்புவதில்லை. போய்ட்டு வா என்று ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. லியோனிலா அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த நரைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். கார்க் கதவு சாத்திய சத்தம் கேட்டது. என்ஜின் கொஞ்ச நேரம் ஓடியபடியே நின்றது. பிறகு போயிற்று.