தகரம், நகரம், கம்பி

1

இந்தக் கதை என் சரக்கு இல்லை. என் மனைவியின் தங்கை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சோற்றைக் குழந்தைக்குப் பிசைவதுபோல் பிசைந்துகொண்டே சொன்னது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எழுதப் போறீங்களா அத்தான்? எழுதிக்கங்க. பேரை மட்டும் போட்டுடாதீங்க."

போடவில்லை.

2

முதல் வரைவில் அவளைப் பாடகியாக்கினேன். 'கச்சேரிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அவளுடைய நாக்கோ'

அதோடு விட்டுவிட்டேன். பாடகி என்றாலே வாசகர் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவார். உள்ளதையே சொல்கிறேன்.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவளுக்கு வேலை. ஜன்னல் இல்லாத பெரிய அறை, வரிசையாக மேசைகள், காதில் ஹெட்போன், வாயருகே ஒலிவாங்கி. எதிர்முனையில் யாராவது அலறுவார்கள். இவள் விலாசம் வாங்கி, வண்டியை அனுப்பி, வண்டி போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல்தான் முதலீடு.

நாற்பத்து நாலு வயதில் அவளுடைய பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஈறு அடிக்கடி புண்ணாயிற்று. மேலும் கீழும் கம்பி போட்டே தீரவேண்டும் என்றார் பல் மருத்துவர். வெளியே தெரியாமல் பல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற வகையும் உண்டாம். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போன்லதானம்மா பேசுற? மூஞ்சியை யாரு பாக்கப்போறா? முன்னாடியே போட்டுக்கோயேன்," என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"பக்கத்து சீட்டுல ஒரு வாயாடி இருக்கானே, அவன் போதாதா? பொண்ணுக்குப் போட வேண்டிய வயசுல அம்மா போட்டுக்கிட்டாங்கன்னு ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஓட்டுவான்."

(முகம் தெரியாத வேலையில் இருப்பவள் முகத்தைக் காப்பாற்றப் போய்க் குரலைக் கொடுத்துவிட்டு வந்தாள். இதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடித்திருந்தால் கொஞ்சம் நம்பும்படி ஜோடித்திருப்பேன்.)

3

இங்கே கொஞ்சம் இலக்கணம். அவசரக்காரர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம்.

தமிழில் நாக்குக்குச் சோதனை என்றால் எல்லாரும் ழகரத்தைத்தான் சொல்வார்கள். அவளுடைய வாயில் ழகரம் ஜம்மென்று தப்பித்துவிட்டது. அது மேலே அண்ணத்தைப் பார்த்து வளைகிற எழுத்து. மாட்டிக்கொண்டவை தகரமும் நகரமும். இரண்டுக்கும் நாக்கு மேல்பல்லின் பின்பக்கத்தைத் தொட்டாக வேண்டும். அங்கேதான் கம்பி. தொட்டால் நாக்கு கிழிகிறது, தொடாவிட்டால் சொல் குழறுகிறது.

அதனால் அவள் சொற்களை மாற்ற ஆரம்பித்தாள். 'தரையில்' என்பதற்குக் 'கீழே'. 'நெஞ்சு' என்பதற்கு 'மார்பு'. 'அழுத்துங்க' என்பதற்கு 'அமுக்குங்க'. மேற்பார்வையாளர் அம்மா, "குரல் ஒருமாதிரி இருக்கே?" என்று கேட்டபோது, "சளி மேடம்," என்றாள். அதில் தகரமும் இல்லை, உண்மையும் இல்லை.

4

ஒரு மத்தியானம் அந்த அழைப்பு வந்தது.

"அப்பா கீழ விழுந்துட்டாரு. மூச்சு பேச்சே இல்ல!"

விலாசம் வாங்கினாள். வண்டி கிளம்பியது. இனி அவள் பேச வேண்டும்.

"அவரைக் கீழ... மல்லாக்க... படுக்க வைங்க சார். ரெண்டு கையும்... மார்பு மேல..."

ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் ஒரு சொல்லைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். எதிர்முனைக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் கேட்டது இழுத்து இழுத்துப் பேசும் குழறல் மட்டும்தான்.

"ஏம்மா, குடிச்சிருக்கியா நீ? இங்க எங்கப்பா போய்க்கிட்டு இருக்காரு! வேற ஆளுகிட்ட குடு!"

வேறு ஆள் யாரும் சும்மா இல்லை. அவன் போனை வைத்துவிட்டால் அந்தக் கிழவரின் மார்பில் யாரும் கை வைக்கப் போவதில்லை.

'அந்த ஒரு கணத்தில் அவளுடைய வாழ்க்கை முழுவதும்' என்று எழுதி அழித்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் ஓடவில்லையாம். கோபம்தான் வந்ததாம்.

"குடிக்கல சார். பல்லுக்குப் பின்னாடி கம்பி போட்டிருக்கேன். நாக்கு கிழியுது, அதான் இப்படி இருக்கு. போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வைங்க. நெஞ்சுக்கு நடுவுல கையை வெச்சு அழுத்துங்க. நல்லா அழுத்துங்க!"

வாய் கொண்ட மட்டும் தகரமும் நகரமும். ஒரு சொல்லையும் அவள் தள்ளவில்லை. இடைவெளிகள் போய்விட்டன. குழறல் இருந்தது, அவனுக்குப் புரிந்தது. அவள் எண்ண எண்ண அவன் அழுத்தினான். அவள் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கடைசியில் கதவு திறக்கும் சத்தம், காலடிகள், யாரோ ஒருவர், "நாடி இருக்கு, தூக்கு," என்றது. இணைப்பு அறுந்தது.

5

அவள் கத்திய கத்தலில் அந்த வரிசைக்கே கம்பி விஷயம் தெரிந்துபோயிற்று. வாயாடி நாற்காலியோடு நகர்ந்து வந்தான்.

"எங்க, காட்டுங்க."

காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு கிண்டலும் செய்யாமல், தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். "வாயைக் கொப்புளிங்க முதல்ல."

மேற்பார்வையாளர் பதிவைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"சளின்னு சொன்னீங்களே?"

"தப்புதான் மேடம்."

"அவன் போனை வெச்சிருந்தா?"

நாக்கு ஆறும்வரை அவளை அழைப்புகளிலிருந்து எடுத்து, வண்டிகளின் இருப்பைக் கவனிக்கும் மேசையில் போட்டார். அநியாயம் என்று இவளும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மட்டும் அழுதாளாம்.

6

முடிவுக்கு வருவோம்.

இரண்டு முடிவுகள் எழுதி, அடுத்த முறை அவள் சாப்பிட வந்தபோது படித்துக் காட்டினேன். ஒன்று: பெரியவர் பிழைத்து, மகன் பழக்கூடையோடு அவளைத் தேடி வருகிறான். "எங்க ஆபீஸ் எங்க இருக்குன்னு எங்க வீட்டுக்காரருக்கே சரியாத் தெரியாது," என்று சிரித்தாள். இன்னொன்று: பெரியவர் போய்விடுகிறார், இவள் கம்பியைக் கழற்றி எறிகிறாள். "கம்பி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

"சரி, நிஜமா என்ன ஆச்சு?"

"தெரியாது அத்தான். வண்டி போய்ச் சேர்ந்தா எங்க வேலை முடிஞ்சுது. நாங்க யாரும் விசாரிக்கிறதில்ல. ஒருத்தரை விசாரிச்சா எல்லாரையும் விசாரிக்கத் தோணும். அப்புறம் அந்த நாற்காலியில உக்கார முடியாது."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆனா இவரை மட்டும் கேக்கணும்னு தோணிக்கிட்டே இருக்கு. வண்டி ஓட்டினவர் தெரிஞ்சவர்தான். கேக்கவா?"

கேள் என்று சொன்னால் அது அவளுக்காகச் சொன்னதாக இருக்காது. என் கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்காகச் சொன்னதாக இருக்கும். வேண்டாம் என்றால், முடிவில்லாத கதை இன்னும் கௌரவமாகத் தெரியும் என்பதற்காக. எழுதுகிறவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கேட்கட்டுமா, வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள், அவளிடம் சேர்த்துவிடுகிறேன். அதுவரை பெரியவர் வாசலில் நிற்கும் வண்டிக்குள் படுத்திருக்கிறார். நாடி இருக்கிறது.