இரண்டாவது தாள்

பூபாலனின் மேசையில் பதினொரு கேசட்டுகள் இருந்தன. பதினொன்றிலும் ஒரே சினிமாப் பாட்டு. பதினொன்றிலும் அந்தப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவே டக்கென்று நின்று, உடனே வேறொரு பாட்டு தொடங்கியது. கேசட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவர் அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவர், ஒருவர் திருக்கழுக்குன்றத்து வாத்தியார். 1985 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எல்லாரும் வானொலியிலிருந்து பாட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் ஒற்றுமை.

பாட்டு ஏன் நின்றது என்பது அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் வானொலி பாட்டை நிறுத்திவிட்டுப் புயல் எச்சரிக்கை வாசித்தது. பதினொன்றில் ஒன்றிலாவது அந்த எச்சரிக்கை ஏன் இல்லை? அதுதான் புரியவில்லை.

பூபாலன் அணுபுரத்தில் குடியிருந்தான். அணுமின் நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. பாட்டை நிறுத்தி வானொலி அவசரமாகச் சொன்ன பழைய செய்திகளைத் தேடிச் சேர்ப்பது அவனுடைய எட்டு வருஷப் பைத்தியம். ஆனால் இந்த 2003இல் அவன் தேடிய செய்திக்கு ஒரு கெடு இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை.

அந்த எச்சரிக்கையை வாசித்தவர் ஜானகிராமன். ஓய்வுபெற்ற அறிவிப்பாளர், செங்கல்பட்டில் இருக்கிறார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, புதுப்பட்டினத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை போர்த்த ஏற்பாடு. அவர் வாசித்ததால்தான் அன்று நாற்பது கட்டுமரங்கள் கடலுக்குப் போகாமல் தப்பின என்பது குப்பத்துத் தலைவர் சடையப்பனின் கட்சி. அழைக்கப் போனபோது பூபாலனும் கூடப் போயிருந்தான். ஜானகிராமன் மறுத்துவிட்டார்.

"எச்சரிக்கை ரெண்டு தாள்ல வந்துது. முதல் தாள்ல புயல் எங்க இருக்கு, காத்து எவ்வளவு வேகம், அவ்வளவுதான். ரெண்டாவது தாள்லதான் கோவளத்துலேர்ந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் யாரும் கடலுக்குப் போகாதீங்கோன்னு இருந்துது. சாயங்காலம் ஆத்துக்கு வந்து சட்டையைக் கழட்டறேன், அந்த ரெண்டாவது தாள் பையில இருக்கு. வாசிச்சுட்டு மடிச்சு வச்சேனா, வாசிக்காமலே வச்சேனா, சத்தியமா ஞாபகம் இல்லை."

"பதினெட்டு வருஷமா இதே புலம்பல்" என்றார் அவர் மனைவி வரலட்சுமி. "அந்தத் தாளைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி பீரோல வச்சிருக்கார்."

"நாங்கதான் கேட்டோமே சார்!" என்றார் சடையப்பன்.

"நீங்க உங்க காதால கேட்டேளா?"

"நானு வலை பின்னிகினு இருந்தேன். எம் மச்சான் டீக்கடையில கேட்டுட்டு வந்து சொன்னான்."

"அவர் ரேடியோவைக் கேட்டுச் சொன்னாரா, அலையைப் பார்த்துச் சொன்னாரா?"

அது சடையப்பனுக்குத் தெரியாது. மச்சான் இப்போது உயிரோடு இல்லை.

"வாசிக்காத தாளுக்கு நான் எப்படிப்பா பொன்னாடை வாங்கிக்கறது?" என்று ஜானகிராமன் பூபாலனிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். வானொலி நிலையத்தில் அந்த நாடா இல்லை. அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

பூபாலன் பதினொரு கேசட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ரவிச்சந்திரனின் ரெக்கார்டிங் சென்டருக்குப் போனான். இருவரும் பள்ளிக்கூட நண்பர்கள்.

"இதுல இன்னா மச்சான் மர்மம்?" என்று ரவிச்சந்திரன் சிரித்தான். ஒரு டேப் ரெக்கார்டரை முன்னால் இழுத்து, ஆள்காட்டி விரலை பாஸ் பட்டன் மேல் வைத்தான். "ரேடியோல பாட்டு புடிக்கிறவன் எவனும் இந்த வெரல எடுக்க மாட்டான். பேச்சு வந்தா பாட்டு கெட்டுப்பூடும். ஆளு வாயத் தொறந்தான்னா வெரலு தானா அமுக்கிடும். உலகமே முழுவிப் போவுதுன்னு சொன்னாலும் அமுக்குவான்."

பூபாலனுக்கு முகம் விழுந்துவிட்டது. எத்தனை கவனமாகப் பதிவு செய்தார்களோ அத்தனை கவனமாகச் செய்தியை வெட்டியிருக்கிறார்கள். இன்னும் நூறு கேசட் தேடினாலும் இதே கதைதான்.

வீட்டுக்கு வந்து மனைவி ரூத்திடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "பாட்டு புடிச்சவங்க வூட்டுக்கே போய்கினு கீறியே. ரேடியோவ சனியன்னு திட்டினவங்க கிட்ட கேட்டியா?"

"இன்னா சொல்ற?"

"மேரி சித்தி இல்ல? சித்தப்பா பஹ்ரைன்ல இருந்தப்ப லெட்டர் எழுத மாட்டாங்க, கேசட்ல பேசித்தான் அனுப்புவாங்க. ஜன்னலாண்ட டீக்கடை ரேடியோ கத்திகினே இருக்கும். அத எப்புடி நிறுத்துறது?"

பூபாலன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். வானொலியை விரும்பிப் பதிவு செய்தவர்களின் விரல் பட்டனில் இருந்தது. விரும்பாமல் பதிவு செய்தவர்களிடம் அதை நிறுத்த எந்தப் பட்டனும் இல்லை!

புதுப்பட்டினத்தில் மேரியின் கணவர் ஏசுபாதம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். வளைகுடாவிலிருந்து திரும்பியபோது மனைவியின் குரலை ஒன்று விடாமல் எடுத்துவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் தேதி.

"அத ஒருத்தரும் போடக் கூடாது" என்றாள் மேரி. "புருசன்கிட்ட ஆயிரம் பேசிருப்பேன். மாமியாரப் பத்திப் பேசிருப்பேன்."

"எங்க அம்மாவப் பத்தியா?" என்றார் ஏசுபாதம். "நல்லாத்தான் பேசிருக்க."

"கம்முனு இரு."

கடைசியில் மேரியும் ரூத்தும் மட்டும் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி போட்ட கேசட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். அரைமணி கழித்து ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சிரித்த கண்ணீர். "கீது! பாட்டு நிக்கிது, ஆம்பளக் குரல் வருது. ஆனா சித்தி நிறுத்தாம பேசுது. அந்த ஆளு இன்னா சொல்றாருன்னு ஒண்ணும் வெளங்கல."

"வெளங்காட்டி இன்னா, எம் பேச்சு வெளியில வரக் கூடாது" என்றாள் மேரி.

செய்தி வேண்டும், மேரியின் குரல் வேண்டாம். இரண்டும் ஒரே நாடாவில், ஒன்றன்மேல் ஒன்று. பூபாலன் ஜன்னலோரம் நின்று யோசித்தான். அங்கே அந்தப் பழைய பெட்டி இருந்தது. ஏசுபாதம் முதல் விடுமுறையில் கொண்டுவந்த ஸ்டீரியோ டூ-இன்-ஒன், இடப்பக்கம் ஒரு மைக், வலப்பக்கம் ஒரு மைக்.

"சித்தி, எங்க உக்காந்து பேசுவீங்க?"

"பொட்டிக்கு நேரா. நட்ட நடுவுல."

"டீக்கடை?"

"அதோ, இடது கைப் பக்கம்."

பூபாலன் சிரித்தான். சனிக்கிழமை காலை எல்லாரும் செங்கல்பட்டில் ஜானகிராமன் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். கூடவே கொண்டுவந்த அந்தப் பழைய பெட்டியின் ஸ்டாப் பட்டன் மேல் மேரி விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் குரல் ஒரு வார்த்தை வெளியே கேட்டாலும் அமுக்கிவிடுவதாக ஒப்பந்தம்.

நாடா ஓடியது. ரொம்பத் தூரத்தில் கொசு முனகுவது போல ஏதோ கேட்டது. அது மேரி. அதற்கு மேலே, தெளிவாக, அந்தப் பாட்டின் இரண்டாவது சரணம். பாட்டு நின்றது. பிறகு நாற்பத்துநான்கு வயது ஜானகிராமனின் குரல் புயல் இருக்கும் இடத்தைச் சொன்னது, காற்றின் வேகத்தைச் சொன்னது. ஒரு தாள் சரசரத்தது.

ஜானகிராமன் பெட்டியின் பக்கம் குனிந்தார்.

"கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர்கள் யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம். திரும்பச் சொல்கிறேன்…"

"ரெண்டு தரம் வாசிச்சிருக்கேள்" என்றார் வரலட்சுமி.

நாடாவில், டீக்கடையிலிருந்து யாரோ, "டேய், கட்டுமரத்த மேல இழுங்கடா!" என்று கத்தினார்கள். "எம் மச்சான்!" என்று சடையப்பன் எழுந்து நின்றுவிட்டார். ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

மேரி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். "நான் பேசினது எங்கடா போச்சு?"

பூபாலன் பெட்டியில் மாட்டியிருந்த ஒரே ஸ்பீக்கரைத் திருப்பி அதன் இரண்டு ஒயர்களைக் காட்டினான். வழக்கமாக ஒரு ஒயர் சிவப்பு முனைக்கும் ஒன்று கறுப்பு முனைக்கும் போகும். அவன் ஒன்றை இடப்பக்கச் சிவப்பிலும் மற்றதை வலப்பக்கச் சிவப்பிலும் மாட்டியிருந்தான், கறுப்பை விட்டுவிட்டான். நடுவில் உட்கார்ந்து பேசிய மேரியின் குரல் இரண்டு மைக்கிலும் ஒரே அளவாகப் பதிந்திருந்தது. ஒரு கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் தள்ளினால் கதவு அசையாது அல்லவா, அப்படி அந்தக் குரல் ஸ்பீக்கரை அசைக்கவில்லை. டீக்கடை இடப்பக்கம் இருந்ததால் வானொலி இடது மைக்கில் கூடுதலாகப் பதிந்திருந்தது. அந்தக் கூடுதல் மட்டுமே ஒலித்தது.