முப்பத்தொன்றாம் தேதி வரை

“அஞ்சு நிமிசம் இரு கண்ணு. உன்னைப் பாக்கத்தான் வந்தேன்,” என்றாள் குள்ளம்மாள்.

தேவிப்பிரியா வண்டியை மறுபடியும் ஸ்டாண்டில் போட்டாள். ஏரியூர் இ-சேவை மையத்தில் அவளுக்கு வேலை. ஒன்பதரைக்குள் போய்த் திறக்க வேண்டும்.

“சொல்லுங்க பெரியம்மா. சங்கத்து விசயம்தானே?”

“அதான். வெலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டியாமே.”

“நான் மட்டுமா? எங்க தெருவுல ஆறு பேரு குடுத்திருக்கோம்.”

“நீ நின்னா அந்த ஆறும் நிக்கும். அவங்களுக்குப் படிச்சுச் சொல்றவ நீதானே.”

குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் திரும்பாமலே குரல் கொடுத்தாள். அவள் தேவிப்பிரியாவின் மாமியார். குள்ளம்மாளுக்கு நாற்பது வருடத்துச் சிநேகிதி.

“என் மருமவளை ஏண்டி மெரட்டற? அவளுக்கு இன்னும் சாவற வயசு வரலே. வந்தா கட்டுவா.”

“நீ சும்மா இருடி.”

சங்கத்துக்குப் பெயர்ப்பலகையில் நீளமான பேர் ஒன்று உண்டு. ஊரில் சாவுச் சங்கம் என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அறுநூறு பெண்கள் கூடி ஆரம்பித்த காப்பீடு. கம்பெனி கிடையாது, ஏஜென்ட் கிடையாது. பணம் கட்டுகிறவர்கள் எவரோ அவர்களே முதலாளிகள். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒரே தொகை கட்டுவார்கள். அந்த வருடம் எந்த உறுப்பினர் இறந்தாலும் அவள் வீட்டுக்கு இருபத்தைந்தாயிரம்: பிணம் எடுக்குமுன் ஐயாயிரம், காரியத்தன்று மீதி. கட்டியதில் மிஞ்சினால் எல்லோருக்கும் பொதுவான இருப்பு. குறைந்தால் எல்லோர் தலையிலும் விழும். இருபது வயதுக்காரிக்கும் அறுபது வயதுக்காரிக்கும் ஒரே தொகைதான் நியாயம் என்று முதல் கூட்டத்தில் கை தூக்கினார்கள். குள்ளம்மாளும் தூக்கினாள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து. அந்த ஐயாயிரத்தைச் சாவு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற பொறுப்பும் அன்றிலிருந்து அவளுடையதுதான்.

“வர்ற வருசத்துக்கு எவ்ளோ கட்டணும்னு தெரியுங்களா?” என்றாள் தேவிப்பிரியா.

“ஆயிரத்து எண்ணூறுன்னு சொல்றாங்க.”

“இந்த வருசம் ஐநூறு. பேங்குல இன்சூரன்சுக்குன்னு என் கணக்குல வருசத்துக்கு நானூத்திச் சொச்சம்தான் புடிக்கிறாங்க. எனக்கு ஒண்ணு ஆனா ரெண்டு லட்சம்.”

“எனக்கும் அதுல ஒண்ணு போட்டுக் குடேன்.”

“அம்பது தாண்டினா சேத்துக்க மாட்டாங்க பெரியம்மா.”

“அதனாலதான் கண்ணு உங்கிட்ட வந்திருக்கேன்.”

தேவிப்பிரியா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கோபம் இல்லை அவளிடம். கணக்குத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

“இருக்கறது நூத்திப் பன்னெண்டு பேரு. நாப்பதுக்குக் கீழ பதினேழு பேருதான். நாங்க கட்டறோம், நீங்க சாவறீங்க. நான் இப்போதைக்குச் சாவ மாட்டேன்னுதானே என்னை நிக்கச் சொல்றீங்க?”

குழாயடியில் சத்தம் நின்றது.

“ஆமாம்,” என்றாள் குள்ளம்மாள். “அதுக்குத்தான். நானும் அப்படித்தான் நின்னேன். எழுபத்தி நாலு பேருக்குக் கட்டியிருக்கேன். ஒருத்தி பேரும் மறக்கலே.”

“சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க, நான் நிக்கிறேன். எனக்கு அறுவது ஆவும்போது எனக்கு யாரு கட்டுவாங்க?”

வந்துவிடுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரில் பன்னிரண்டாவது முடித்த பெண்கள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். ஐந்து வருடமாகச் சங்கத்தில் புதிதாக ஒருத்தியும் சேரவில்லை. கடைசியாகச் சேர்ந்தவள் இந்தத் தேவிப்பிரியாதான்.

“தெரியலே கண்ணு.”

“அப்ப நான் வெலகிக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. உள்ள இட்லி இருக்குது, உங்க குமாருக்கு எடுத்துட்டுப் போங்க.”

வண்டி தெருமுனை திரும்பியது.

“ஒரு பொய் சொல்லியிருந்தா நின்னிருப்பா,” என்றாள் தீர்த்தம்மாள்.

“தெரியும்.”

“பின்ன என்ன கேடு உனக்கு?”

“வேற வூட்டு மருமவளா இருந்தா சொல்லியிருப்பேன்.”

குமார் குள்ளம்மாளின் ஒரே மகன். முப்பத்தேழு வயது, புத்தி நான்கு வயதில் நின்றுவிட்டது. ஊட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். இருட்டினால் கத்துவான். தனக்குப் பிறகு அவனை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு அவள் பதில் தேடி வைத்திருந்தாள். பாலக்கோட்டில் அண்ணன் மகள் வெண்மதி இருக்கிறாள். வீட்டை ஒட்டி ஹாலோ பிளாக் வைத்து ஷீட்டு போட்ட ஒரு அறை கட்டி அதில் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். சங்கத்தின் இருபத்தைந்தாயிரம் அந்த அறைக்கு. கட்டுகிற வேலை வெண்மதி புருசனுடையது. பத்தொன்பது வருடம் குள்ளம்மாள் கட்டியது அந்த ஓர் அறைக்காகத்தான்.

வியாழக்கிழமை சமுதாயக் கூடத்தில் பொதுக்குழு. பென்னாகரத்திலிருந்து கணக்கு எழுத வருகிற இன்னாசி எழுந்து படித்தார்.

“இந்த வருசம் இதுவரைக்கும் எட்டு சாவுங்க. குடுத்தது ரெண்டு லட்சம். கட்டி வந்தது அம்பத்தாறாயிரம். மீதிய இருப்புல இருந்து எடுத்தோம். இருப்பு இப்ப ஒரு லட்சத்து முப்பதாயிரம். மூணு வழி இருக்குது. ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு கட்டறது. இல்லைன்னா சாவுக்கு ஏழாயிரம்னு கொறைச்சுக்கறது. இல்லைன்னா மூடிட்டு இருக்கறதைப் பங்கு போட்டுக்கறது.”

“ஏழாயிரத்துக்குப் பந்தல்காரனே வர மாட்டான்,” என்றாள் பின்னால் ஒருத்தி.

“ஆயிரத்து எண்ணூறு கட்டறதுக்கு இப்பவே செத்துடலாம்,” என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள்.

குள்ளம்மாள் எழுந்தாள்.

“மூடாதீங்க. கம்பெனிக்காரன் மூடினான்னா அவன் வாசல்ல போய் உக்காரலாம். கலெக்டருக்கு மனு குடுக்கலாம். இங்க நான் யாருகிட்ட மனு குடுக்கறது?”

தலைவி முனியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“எங்கிட்ட குடு குள்ளம்மா. நான் படிச்சுட்டு உங்கிட்டயே திருப்பிக் குடுக்கறேன். நீயும்தானே முதலாளி.”

“வெளையாடாதீங்கக்கா. எனக்கு அந்தப் பணம் வேணும்.”

“எல்லாருக்கும்தான் வேணும். சின்னதுங்க நிக்கல. நாமளே கட்டி நாமளே சாவறதுன்னா எங்க இருந்து வரும்? யார் மேல தப்புன்னு சொல்லு, இப்பவே கேக்கலாம்.”

குள்ளம்மாள் கூடத்தைப் பார்த்தாள். தப்பு செய்தவள் ஒருத்தியும் அங்கே இல்லை. பணத்தை யாரும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. இருப்புப் புத்தகத்தில் ஒரு ரூபாய் பிசகு கிடையாது. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூடுவதற்கு எண்பத்தொரு கைகள் உயர்ந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீர்த்தம்மாளின் கையும் உயர்ந்திருந்தது.

“நீயுமா?”

“ஆயிரத்து நூத்தி அறுவது வருதுடி. கண்ணாடி மாத்தணும்.”

இன்னாசி தீர்மானத்தை எழுதி வாசித்தார். “மார்ச்சு முப்பத்தொண்ணாந் தேதியோட சங்கம் முடியுது. அதுவரைக்கும் யாராச்சும் தவறினா முழுத் தொகை உண்டுங்க.”

திரும்பி வரும் வழியில் தீர்த்தம்மாள் சொன்னாள்: “இந்த வருசம் போனவளுங்க பொழைச்சாளுங்க. நாமதான் சோம்பேறிங்க. இன்னும் நாப்பத்தாறு நாள் இருக்குது, முடிஞ்சா பாரு.”

குள்ளம்மாளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தாறு சரியாகத்தான் இருந்தது.

தன் கையால் போனால் தொகை கிடையாது என்று மூன்றாம் வருடமே விதி போட்டிருந்தார்கள். அதற்கும் அவள் கை தூக்கியவள்தான். ஆகவே அது தானாக வர வேண்டும். அறுபத்து நான்கு வயது, சர்க்கரை, மூச்சிரைப்பு. வராத வயசும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மாசி முடிவதற்குள் குமாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பாலக்கோட்டுக்குப் போனாள். வெண்மதி காபி கொடுத்தாள். குமாருக்கு முறுக்கு கொடுத்தாள். சுவர் ஓரத்தில் தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினாள்.

“இந்த எடந்தான் அத்தை நெனச்சு வெச்சிருந்தேன்.”

“சங்கத்தை மூடறதுல என் பங்கு ஆயிரத்துச் சொச்சம் வரும் வெண்மதி. மாசாமாசம் பென்சன்ல மிச்சம் புடிச்சுக் குடுக்கறேன்.”

“நீங்க இருக்கற வரைக்கும் பென்சன் வரும். ரூம்பு அதுக்கப்பறந்தானே வேணும்?” சொன்ன பிறகு அவளுக்கே அது கஷ்டமாக இருந்தது. முந்தானையால் குமாரின் வாயைத் துடைத்துவிட்டாள். “உள்ள படுக்க வெக்கலாம்னா எங்க மாமியாரு ஒத்துக்க மாட்டாங்க அத்தை. இவன் கத்தறது…”

“அவன் சும்மா கத்த மாட்டான். இருட்டினாதான்.”

“இருட்டு தெனமும் வருதே அத்தை.”

குள்ளம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நீங்க நல்லா இருக்கணும்,” என்றாள் வெண்மதி. “நீங்க இருக்கும்போது என்னங்க கவலை?” பஸ் ஏறும்போது ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தனுப்பினாள்.

பங்குனி வெயில் ஏறியது. குள்ளம்மாளுக்கு அந்த வருடம் காய்ச்சல்கூட வரவில்லை. நூறு நாள் வேலையில் மண் சுமந்தாள், மூச்சு இரைக்கவில்லை. “என்னாக்கா, இந்த வருசம் தெம்பா இருக்கறீங்க?” என்று கேட்டார்கள். “ஆமாம்,” என்றாள்.

இருபத்தேழாம் தேதி காலை. குமாருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தேவிப்பிரியா.

“பெரியம்மா… அத்தை குழாயடியில விழுந்துட்டாங்க. டாக்டரு வந்து பாத்துட்டு முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாரு.”

“இன்னைக்கு என்ன தேதி?” என்றாள் குள்ளம்மாள்.

“என்னங்க?”

“தேதி.”

“இருவத்தேழு.”

“சரி. நான் பணம் எடுத்துட்டு வர்றேன்.”

சட்டையின் மூன்றாவது பித்தானைப் போடும்போதுதான், தான் முதலில் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

பந்தல் போட்டிருந்தார்கள். தீர்த்தம்மாளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடி மாற்றவில்லை, பழைய கண்ணாடியைக் கழற்றி மாடத்தில் வைத்திருந்தார்கள். குள்ளம்மாள் எண்ணிக் கொடுத்தாள், ரசீதில் கையெழுத்து வாங்கினாள். எழுபத்தைந்தாவது வீடு.

தேவிப்பிரியா பணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பெரியம்மா, நீங்க அழவே இல்லை. உள்ள வெச்சுக்காதீங்க.”

“அழுவ வரலே கண்ணு.”

“நாப்பது வருசத்துப் பழக்கம்…”

“பொறாமையா இருக்குது,” என்றாள் குள்ளம்மாள்.

தேவிப்பிரியா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இதை நீங்களே வெச்சுக்கங்க. காரியத்துக்கு வர்றதையும். குமாருக்கு.”

“அது ஆவாது. பத்தொம்பது வருசம் அவ கட்டினது. அவ பங்கு.”

“நான் நின்னிருந்தா…”

“நீ நின்னிருந்தா இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்கும். அதுக்குள்ள நான் போயிருப்பேன்னு என்ன நிச்சயம்? என்னைப் பாரு, கல்லாட்டம் இருக்கறேன்.”

வாசலில் இருந்து தேவிப்பிரியாவின் புருசன் எட்டிப் பார்த்தான். “பணம் வந்துடுச்சா? ஐஸ் பெட்டிக்காரரு நிக்கறாரு.”

தேவிப்பிரியா எழுந்து போனாள். குள்ளம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து சிநேகிதியின் நெற்றிக் காசை நேராக்கினாள். சோம்பேறி என்று என்னைச் சொன்னாயே என்று மட்டும் நினைத்தாள். அப்போதும் கண்ணில் நீர் வரவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி இன்னாசி சமுதாயக் கூடத்தில் பங்கு கொடுத்தார். கடைசிச் சாவுக்கு இருபத்தைந்தாயிரம் போக ஆளுக்குத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து. இன்று ராத்திரிக்குள் யாராவது தவறினால் எல்லோரும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். முனியம்மாள் பெயர்ப்பலகையைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தாள். குள்ளம்மாள் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கி, வீட்டில் அரிசிப் பானைக்குள் வைத்தாள். குமாருக்கு ஊட்டிவிட்டு, புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். முழங்கால் வலிகூட இல்லை.

“அம்மா, டீ,” என்றான் குமார்.

“இரு சாமி, வர்றேன்.”

அவனுக்கு டீ கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு ஏரியூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வரிசையில் ஒரு மணி நேரம். நர்சம்மா கலைமதி சீட்டை வாங்கினாள்.

“எங்கம்மா வலிக்குது?”

“எங்கயும் வலிக்கலைங்க.”

“பின்ன எதுக்கு வந்தீங்க?”

“சர்க்கரை, பிரசரு எல்லாம் பாருங்க. மாத்திரை குடுங்க. இன்னும் எத்தினி வருசம் இருப்பேன்னு பாத்துச் சொல்லுங்க.”

கலைமதி சிரித்துக்கொண்டே அவள் கையில் பட்டையைச் சுற்றினாள்.

“உங்களுக்கென்னம்மா. நூறு வருசம் இருப்பீங்க.”

குள்ளம்மாள் குமாரைப் பார்த்தாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து பட்டையின் காற்றுக் குழாயைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப இவனுக்கு எழுபத்தி மூணு ஆவும்,” என்றாள். “பத்துமான்னு தெரியலைங்க.”