சிறப்பு விருந்தினரின் மின்விசிறி

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவரும் எந்த வேலைக்காகப் படைக்கப்பட்டார் என்ற ஆதிகாலத்துக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ரிஷிகள் காடு மலையெல்லாம் அலைந்தும் அகப்படாத அந்த விடை, மைசூரு மேட்டகள்ளியில் ஒரு டயர் கடையின் மாடியில், பத்து விரல் ரேகையை ஒரு மிஷினில் அழுத்தினால் அரை மணி நேரத்தில் கலர் பிரிண்டாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர் 'வாழ்க்கைப் பாதைச் சிற்பி' கேசவமூர்த்தி. அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று விசாரித்தால், வாசல் பலகையை எழுதிய பெயிண்டரோடு தடயம் நின்றுபோகும்.

ஜீவிதாவின் பத்து விரலையும் அந்த மிஷினில் வைக்கச் செய்தவர் அவளுடைய தாய்மாமா காளியப்பன். மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளியிலிருந்து வந்து, கட்டடங்களுக்குக் கம்பி கட்டி, மேஸ்திரியாகி, மைசூரில் சொந்த வீடும் கட்டியவர். இருபது வருஷம் கையால் உழைத்துச் சாப்பிட்ட மனிதருக்கு, கையால் உழைப்பவர்கள்மேல் மட்டும் மரியாதை கிடையாது. முப்பத்து நாலு பக்க அறிக்கையில், ஜீவிதா 'முகமலர்ச்சியுடன் மக்களை வரவேற்கும் துறைக்கே' பிறந்தவள் என்று போட்டிருந்தது. மாமா அன்றைக்கே விஜயநகரத்தில் மனை விற்கிற ஆபீஸ் ஒன்றில் வரவேற்பு மேஜைக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

இருபத்து மூன்று வயதுக்குள் ஜீவிதா பி.காம். முடித்திருந்தாள். அழகுக்கலைப் படிப்பைப் பாதியில் விட்டிருந்தாள். மூன்று வாரம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் போன் பேசி, திட்டு வாங்குவதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். கடைசியாக ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் பயிற்சி நிலையத்தில் வருகைப்பதிவு டைப் அடிக்கப் போனாள். ஒரு மத்தியானம் பையன்கள் சாப்பிடப் போயிருந்தபோது, சும்மா பார்க்கலாமென்று முகமூடியை மாட்டி வெல்டிங் டார்ச்சைப் பிடித்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சை வெளிச்சம். அதன் நடுவில் மிளகளவு உருகிய இரும்பு, கண்ணீர்த் துளி மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது. அசரீரி எதுவும் கேட்கவில்லை. அவள் பற்றவைத்தது காக்கை எச்சம் போலத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்ததும் இன்னொன்று போட்டுப் பார்க்கத் தோன்றியது. அதற்கு முன் செய்த எந்த வேலையிலும் அவளுக்கு அப்படித் தோன்றியதில்லை.

பதினாலு மாதம் போயிற்று. வேலை முடிந்தபின் தினம் இரண்டு மணி நேரம் பற்றவைத்துப் பழகினாள். கழுத்தில் தோல் உரிந்து உரிந்து நிறம் மாறியது. உருகுகிற இடத்துக்கு விரலால் கம்பியைத் தள்ளித் தள்ளி ஊட்டுகிற பழக்கம் வரவேண்டுமென்று சிட்டி பஸ்ஸிலும் ஒரு கம்பித் துண்டை உருட்டிக்கொண்டே போவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் பெண் ஏதோ ஜபம் பண்ணுகிறது என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

பால் பண்ணைகளுக்குக் குழாய் போடுகிற கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. ஓர் இடம்தான் பாக்கி. ஒரே ஒரு பரீட்சை, ஒரே ஒரு குழாய். எவர்சில்வர் குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது. அதைச் சுற்றி நாம்தான் வளைந்து, குனிந்து, மண்டியிட்டுப் பற்றவைக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். இரும்பு பொய் சொன்னாலும் எக்ஸ்ரே சொல்லாது. மாமா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: சனிக்கிழமை பரீட்சை, திங்கட்கிழமை காலை முடிவு, தோற்றால் அதே திங்கட்கிழமை பத்து மணிக்கு, புடவை கட்டி, வரவேற்பு மேஜை.

பரீட்சை பயிற்சி நிலையத்திலேயே நடந்தது; சோதிக்க வந்தவர் வாமன் என்கிற இன்ஸ்பெக்டர். நெற்றியில் மெல்லிய திருமண், கையில் டார்ச் லைட், வாயில் பேச்சே இல்லை. குழாயில் தன் முத்திரையைக் குத்தினார். தரையில் அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். இரண்டு மணி நேரம், எதற்காகவும் கடிகாரம் நிற்காது என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நிலையத்தின் மேலாளர் மஞ்சுநாத்துக்கு, அதே நாளில் நிலையத்தின் ஆண்டு விழாவையும் வைத்துக்கொண்டால் ஷாமியானா செலவு மிச்சம் என்று ஒரு யோசனை வந்திருந்தது. சிறப்பு விருந்தினர் கேசவமூர்த்தி. தலைப்பு: 'உனக்குள் எரியும் தீயைக் கண்டுபிடி.' தீ எரிகிற இடம் போட்டோவில் விழ வேண்டுமென்று, பரீட்சைக்காக ஜீவிதாவுக்கு ஒதுக்கிய தடுப்பைச் சுற்றித் தொங்கிய சிவப்பு பிளாஸ்டிக் திரையை மஞ்சுநாத் முந்தின நாளே கழற்றி வைத்துவிட்டார்.

பத்தரைக்கு அவள் ஆரம்பித்தாள். முதல் சுற்றுதான் உயிர்; நேரத்தில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். இரண்டு குழாயும் சேரும் இடுக்கில் சாவித் துவாரம் மாதிரி ஒரு சின்ன ஓட்டை திறக்க வேண்டும். கம்பியை ஊட்ட ஊட்ட அது பின்னால் மூடிக்கொண்டு முன்னால் திறந்துகொண்டே போக வேண்டும். ஓட்டை பெரிதானால் குழாய் பொத்தல். மூடிப்போனால் உள்ளே ஒட்டாது. டார்ச் முனையிலிருந்து ஆர்கான் வாயு சீறி, உருகுகிற இடத்தின்மேல் குடை பிடித்தாற்போல் நிற்கும். அந்தக் குடை விலகினால் வெளிக்காற்று பட்டு இரும்பு பொங்கிப் பொரிந்துவிடும். பக்கவாட்டில் முக்கால் வட்டம் வந்தது. பொன் நிறத்தில் சீராக, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்த காசுகள் போல. மிச்சமிருந்தது அடிப்பக்கம். மண்டியிட்டு, தலையைத் தரையை நோக்கிச் சாய்த்து, கீழிருந்து மேலாகப் பற்றவைக்க வேண்டிய இடம்.

அப்போதுதான் சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். ஒண்ணேகால் மணி நேரம் தாமதமாக. தலையில் பேட்டா என்கிற மைசூர்த் தலைப்பாகையை வைத்தார்கள், தோளில் சால்வை போர்த்தினார்கள், கழுத்தில் ஏலக்காய் மாலை போட்டார்கள். மார்ச் மாதம், தகரக் கொட்டகை. மூன்றே நிமிஷத்தில் சிற்பி உருக ஆரம்பித்தார். மஞ்சுநாத் ஓடிப்போய் ஆளுயர ஃபேன் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, முழு வேகத்தில் போட்டார். அது இடமும் வலமும் தலையாட்டுகிற ஃபேன். மேடையிலிருந்து திரும்பிய அதன் முகம், திரையில்லாத தடுப்புக்குள் நேராக வீசியது.

ஜீவிதாவின் கண்ணாடிக்குள் துளி சிலிர்த்தது. பிறகு படபடவென்று வெடித்தது. அவள் டார்ச்சை இழுக்கவில்லை. இழுத்தால் பற்றவைத்ததன் முனையில் விரிசல் விடும். மெல்லத் தணித்து, அணைத்து, வாயு நிற்கும்வரை அங்கேயே பிடித்தாள். முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். பொன் வரிசையின் கடைசியில், கடுகளவுக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி.

 ஃபேனை நிறுத்தச் சொல்லி மஞ்சுநாத்துக்குச் சைகை காட்டினாள். அவர் இரண்டு கையையும் கூப்பி, கன்னடத்தில் 'ஸ்வல்ப', அதாவது கொஞ்ச நேரம், என்று வாயசைத்தார். கேசவமூர்த்தியின் 'ஸ்வல்ப' ஐம்பது நிமிஷம் என்பது ஊரறிந்தது. வாமனைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு நிமிஷம் இருந்தது. அதற்குள் முதல் சுற்றை முடித்து, அதன்மேல் இன்னும் இரண்டு சுற்றுப் போட வேண்டும்.

மேடையில் சிற்பி, வாழ்க்கையில் வருகிற தடைகளை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு வந்திருந்தார்.

அவள் எழுந்தாள். தோல் அங்கியும் முழங்கை வரை கையுறையுமாக, கூட்டத்துக்கு நடுவில் நடந்தாள். முன்வரிசையில் அறிக்கை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாமா பாதி எழுந்து, அவள் அங்கியைப் பிடித்தார்.

"அம்மிணி, பெரியவங்க பேசீட்டிருக்காங்க. போய் ஓரமா நில்லு."

"நின்னா திங்கக்கெழமை நாந்தானுங்க மாமா அந்த வரவேற்பு மேஜைல போய் உக்காரோணும்" என்று அவர் விரலை எடுத்துவிட்டாள்.

பிளக்கைப் பிடுங்கினாள். ஃபேன் முனகி நின்றது. மைக்கில் பேச்சும் நின்றது. கொட்டகையில் இருந்த நூறு பேரும் அவளைப் பார்த்தார்கள். என்னம்மா இது என்று சிற்பி, சிரிப்பு மாறாமல், பல்லுக்குள்ளிருந்து கேட்டார்.

"காத்தடிச்சா கேஸ் பறந்துடுதுங்க சார்" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அரை மணி நேரம் உங்களுக்கு வேர்க்கட்டும். இல்லைன்னா எனக்குப் பதினாலு மாசம் போச்சு."

மஞ்சுநாத் பிளக்கை எடுக்கப் பாய்ந்தார். அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒயரைச் சுருட்டினாள். சுருட்டியதைத் தன் தடுப்புக்குக் கொண்டுபோனாள். ஒயர் நீண்டு, ஃபேனும் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி உருண்டு வந்தது. அதைச் சுவர் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். இதற்கே இரண்டு நிமிஷம் போயிற்று.

சாம்பல் புள்ளியை என்ன செய்வது? தேய்த்தெடுக்க அனுமதியில்லை. அதையே மறுபடி உருக்கி, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றைக் கொதித்து வெளியேற விட வேண்டும். ஒரு நொடி கூடினால் குழாய் பொத்தல், ஒரு நொடி குறைந்தால் அழுக்கு உள்ளேயே தங்கும். தரையில் சாய்ந்து படுத்தாள். பற்றவைத்தாள். புள்ளி சிவந்தது, கலங்கியது. துளி கீழே தொங்கி விழப்பார்த்தது. மூச்சை நிறுத்தினாள். வியர்வை புருவத்தில் இறங்கி இடது கண்ணுக்குள் போனது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டாள். துளிக்குள்ளிருந்து ஒரே ஒரு குமிழ் வந்து வெடித்தது. சாவித் துவாரம் திறந்தது. கம்பியை ஊட்டினாள்.

பின்னால் பேச்சு தொடர்ந்தது, ஆனால் சுரத்தில்லை. சிற்பியின் பேட்டாவிலிருந்து சாயம் இறங்கிக் காதோரம் ரோஸ் நிறத்தில் ஓடியது. காளியப்பன் தாங்கமாட்டாமல் மேடையேறி, மருமகளின் முப்பத்து நாலு பக்கத்தையும் விசிறியாகப் பிடித்து அவருக்கு வீசினார். அந்த அறிக்கை ஒருவருக்குப் பயன்பட்டதை ஊர் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஃபேன் நின்ற இருபதாவது நிமிஷம் பேச்சு முடிந்தது.

முடித்தவர் நேரே போகாமல், டார்ச்சைத் தானும் பிடிப்பதுபோல் ஒரு போட்டோ வேண்டுமென்று தடுப்பை நோக்கி வந்தார். ஜீவிதா கடைசிச் சுற்றில் இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஏலக்காய் வாசனை நெருங்கியது. தோள் தன்னால் இறுகியது. துளி அகலப் பார்த்தது. வாமன் எழுந்து, சாக்பீஸ் கோட்டின்மேல் காலை வைத்து நின்று, கையைக் குறுக்கே நீட்டினார்.

"அந்தாண்டை" என்றார். அவ்வளவுதான்.

நேரம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது டார்ச்சை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிடவில்லை.  திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புடவை கட்டி, தலை வாரி, பொட்டு வைத்து, போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் மாமா பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். ஒன்பது பதினேழுக்குப் போன் அடித்தது.

"ஒரு எடத்துல கடுகு மாதிரி ஒரு நிழல் தெரியறது" என்றார் வாமன்.  ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அளந்து பார்த்தேன். அனுமதிக்கிற அளவுக்குள்ளதான் இருக்கு. பாஸ்."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா பைக்கை அணைத்துவிட்டு வந்து, விஷயம் கேட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலத்துக்குள் அவர் தேறிவிட்டார். பொண்ணுக்கு நெருப்பு ராசி என்று தனக்கு முன்னமே தெரியும் என்று தெருவில் நாலு வீட்டில் சொன்னார். கேசவமூர்த்தியும் சும்மா இருக்கவில்லை. தன் மிஷின் கண்டுபிடித்த பெண் என்று அவள் முதுகு தெரிகிற போட்டோவை ஃபேஸ்புக்கில் போட்டு, முந்நூறு லைக் வாங்கினார்.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. மாமா அதைப் பூஜை அலமாரியில் மாதேஸ்வரன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் தொட்டு, சூடம் காட்டி, எல்லோரையும் நிற்கவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தார்.

கடைசி வரியில், இது ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்று போட்டிருந்தது.